மாண்ட்ரியல்ல இருந்து அக்காவுக்கு: பழைய கேம் புக்கு, பிஸ்கட் கவர், சின்னவன் சமாச்சாரம்

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கியா, அத்தானுக்கு சுகர் எப்படி இருக்கு, அம்மா முட்டி வலிக்கு டாக்டர்கிட்ட போனாங்களா இல்லையா, நான் போன்ல கேட்டா பேச்சை மாத்துறாங்க, நீயாவது சொல்லு. இங்க நாங்க நல்லா இருக்கோம். மார்ச் வந்தும் குளிர் விடல, ரோட்டோரம் பனி எல்லாம் கறுத்துப் போய் அழுக்கா கிடக்கு. பாப்பா பிரெஞ்சு ஸ்கூல்ல செட் ஆயிட்டா, இங்க வந்து குடியேறுனவங்க பிள்ளைங்க பிரெஞ்சு ஸ்கூலுக்குத்தான் போகணும்னு சட்டம், இப்ப கடைல எங்களுக்கு அவதான் பேசிக் குடுக்குறா. காய்கறிக்கு பார்க் எக்ஸ்டென்ஷன்ங்கற ஏரியாவுக்குத்தான் போறோம், முருங்கக்கா கூட கிடைக்குது, வெலைய கேட்டா நீ சிரிப்ப.

நீ சின்னவனப் பத்தி சொன்னதுல இருந்து எனக்கு அதே நெனப்புதான். யூடியூப்ல எவனோ பொம்ம டப்பாவ பிரிக்கிறத பாத்துட்டு அதே வேணும்னு ராத்திரி பூரா அழுதான், மொபைல் கேம்ல டைமண்ட் வாங்குறேன்னு அத்தான் அக்கவுண்ட்ல இருந்து காசு போயிருச்சுன்னு சொன்னியே, அப்புறம் "நாமெல்லாம் இப்படியாடா இருந்தோம்"னு கேட்ட. ஆசைப்பட்டதுல நாமளும் இப்படித்தான்க்கா இருந்தோம். 99 வேர்ல்ட் கப் அப்ப பிரிட்டானியா பிஸ்கட் கவர்ல ரன் போட்டு வந்துச்சே, நூறு ரன் சேத்துக் குடுத்தா ஒரு குட்டி புக்கு தருவாங்கன்னு, நீயும் நானும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பின்னாடி கவர் பொறுக்கப் போனோம்ல. நீதான் ஈரமான கவர எல்லாம் துடைச்சு, கணக்கு நோட்டுக்குள்ள வச்சு காயப்போட்டு, ரன்ன மட்டும் கத்தரிக்கோலால வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வச்ச. வீட்ல அப்ப பிஸ்கட் யாருக்கும் பிடிக்கக் கூட இல்ல, ஆனாலும் அப்பாவ நச்சரிச்சு வாங்க வச்சோம். சிப்ஸ் பாக்கெட்ல டாசோன்னு குட்டி வட்டத் தட்டு வந்தப்பவும் அதே கததான்.

இப்ப எதுக்கு இதெல்லாம்னா, கூட வேலை பாக்குற ஒருத்தர், இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர், அவங்க அம்மா வீட்டை காலி பண்றாங்கன்னு பக்கத்து ஊர் லாவாலுக்கு சாமான் தூக்க எங்களையும் கூப்பிட்டிருந்தார். பேஸ்மெண்ட்ல ஒரு பெட்டி நிறைய நிண்டெண்டோ பவர் பத்திரிகை, மரியோ கேம் போடுற நிண்டெண்டோ கம்பெனியோடது. நான் அதப் பத்தி கேள்விப்பட்டிருக்கேன், கையில எடுத்துப் பாத்தது இப்பதான். தூக்க வேண்டிய சோபாவ விட்டுட்டு ரெண்டு பேரும் தரையில உக்காந்துட்டோம்.

1988 ஜூலை-ஆகஸ்ட்ல வந்த முதல் இதழே இருந்துச்சு, அட்டையில மரியோ, வரைஞ்சது இல்ல, களிமண் பொம்மையா செஞ்சு போட்டோ எடுத்தது. உள்ள செல்டா கேமோட மேப் பக்கம் பக்கமா. அந்த மேப் மேல, அப்ப எட்டு வயசுப் பையனா இருந்த இவர் பென்சில்ல டிக் போட்டு வச்சிருக்கார், எந்தக் குகைய பாத்தாச்சு எதப் பாக்கணும்னு, ஒரு எடத்துல அழுத்தி அழிச்சதுல பேப்பரே கிழிஞ்சு செலோடேப் ஒட்டியிருக்கு, அந்த டேப் மஞ்சளாகி மொடமொடன்னு நிக்குது. ரெண்டாவது இதழ் அட்டையில ஒரு ஆளு டிராகுலா தலைய வெட்டி கையில புடிச்சிருப்பான், அப்ப நிறைய அப்பா அம்மாங்க பயந்து புகார் பண்ணாங்களாம், இவங்க அம்மா சண்டையே போடாம நாம ஸ்கூல் நோட்டுக்கு போடுவோமே அப்படி பிரவுன் பேப்பர் அட்டை போட்டுட்டாங்க! இன்னொரு இதழ்ல கிழிச்சு அனுப்புற போஸ்ட் கார்டு ஒண்ணு, உனக்குப் பிடிச்ச கேம் எதுன்னு எழுதி அனுப்புனா குலுக்கல்ல பரிசு. கோணல் மாணலா எல்லாத்தையும் எழுதி முடிச்சிருக்கார், போஸ்ட் மட்டும் பண்ணல. அதப் பாத்துட்டு அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. இங்கிலீஷே இதுலதான் கத்துக்கிட்டேன், டிக்ஷனரிய பக்கத்துல வச்சுக்கிட்டு படிப்பேன்னு சொன்னார்.

எனக்கு அத நம்ப முடிஞ்சுது. நம்ம வீட்ல டிவி கேம் இருந்துச்சு, 9999 கேம்னு போட்டு அதே ஆறேழு கேம் திரும்பத் திரும்ப வர்ற கேசட், ஆனா சொல்லித்தர புக்கு ஏது? காண்ட்ரா கேம்ல முப்பது லைஃப் வர்றதுக்கு மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ அமுக்கணும்ங்கறது நமக்கு வாய்வழியாத்தான் வந்துச்சு, பக்கத்துத் தெரு அண்ணன் ஒரு தேன்மிட்டாய்க்கு சொல்லிக் குடுத்தான். அத இங்க அச்சுலயே போட்டு வீட்டுக்கு தபால்ல அனுப்பியிருக்காங்க. நான் வளர்ந்தப்புறம் டிஜிட்னு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குனது கூட அது கூட வர்ற சிடில இருக்குற கேம் டெமோவுக்காகத்தான், முதல் லெவல் முடிஞ்சதும் நின்னுரும், மிச்சத்த வாங்கிக்கன்னு அர்த்தம்.

இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லக்கா, அந்தப் பத்திரிகையே முழுசா ஒரு விளம்பரம்தான். நடத்துனதே அந்த கேம் விக்கிற கம்பெனி, ரெட்மண்ட்ல இருந்த அவங்க அமெரிக்க ஆபீஸ்தான் ரொம்ப வருஷம் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஃபன் கிளப்னு ஒண்ணு வச்சு பிள்ளைங்க பேரு, அட்ரஸ் எல்லாம் சேத்து வச்சிருந்தாங்க, முதல் இதழ் அவங்களுக்கு ஃப்ரீயா போச்சு. ஒரு லெவல்ல மாட்டிக்கிட்டா ரெட்மண்டுக்கு போன் போட்டுக் கேக்கலாம், அதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் உக்காந்திருப்பாங்க. 1990ல சந்தா கட்டுனா டிராகன் வாரியர்னு, கதையில ஒரு ஆளா மாறி ஆடுற கேமே ஃப்ரீ, கடைல போகாம தேங்கிக் கிடந்த சரக்கு அது, அந்த ஒரு வேலைல சந்தாவும் ஏறிச்சு, அந்த மாதிரி கேமுக்கு அமெரிக்காவுல ஆளும் சேந்துச்சு. 1994ல டாங்கி காங் கண்ட்ரி வர்றதுக்கு முன்னாடி சந்தாதாரருக்கெல்லாம் வீடியோ கேசட்டே அனுப்பியிருக்காங்க, அந்த கேசட்டும் பெட்டில இருந்துச்சு. கெட்டிக்காரங்கதான். ஆனா அந்த மேப்ப வரைஞ்சவன் சும்மா வரையல, ஒவ்வொரு மூலையும் சரியா இருக்கணும்னு உயிரக் குடுத்து வரைஞ்சிருக்கான், பாத்தாலே தெரியுது. 2012 டிசம்பர்ல கடைசி இதழ் வந்தப்ப அட்டையில அந்த முதல் மரியோ பொம்மை மாதிரியே திரும்பவும் செஞ்சு போட்டிருக்காங்க, அதையும் இவர் கடைல தேடிப் போய் வாங்கி வச்சிருக்கார்.

இன்னொரு விஷயம், இது இங்க வந்து தெரிஞ்சுக்கிட்டது, உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். இந்த கியூபெக் மாநிலத்துல 13 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களக் குறி வச்சு விளம்பரமே பண்ணக் கூடாது. 1980ல இருந்து சட்டம். ஒரு பொம்மைக் கம்பெனி கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1989ல கோர்ட்டு சட்டம் சரிதான்னு சொல்லிருச்சு, சின்னப் பிள்ளைங்கள ஈசியா வளைக்கலாம், அவங்களப் பாதுகாக்க அரசாங்கத்துக்கு உரிமை இருக்குன்னு. கொஞ்சம் விலக்கும் இருக்கு, பிள்ளைங்க பத்திரிகை, கடை ஷோகேஸ், டப்பா மேல எல்லாம் போட்டுக்கலாம், ஆனா அதுலயும் இதுதான் எல்லாத்துலயும் டாப்புன்னு போடக் கூடாது, அப்பா அம்மாகிட்ட கேட்டு வாங்குன்னு தூண்டக் கூடாது. எனக்கு இதப் படிச்சப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ஒரு ஊரே உக்காந்து யோசிச்சு பிள்ளைங்களுக்காக ஒரு வேலி போட்டிருக்கு பாரு. வேலிக்கு மேல வர்றது வந்துக்கிட்டுதான் இருந்துச்சாம், அமெரிக்கா பார்டர் பக்கத்துலதான, அந்தப் பக்கத்து பிளாட்ஸ்பர்க், பர்லிங்டன் டிவி சேனல் எல்லாம் இங்க வரும், சனிக்கிழம காலைல கார்ட்டூன் நடுவுல பொம்மை விளம்பரமா வரும்னு அந்தப் பத்திரிகை நண்பர் சொன்னார். இருந்தாலும் அவங்க ஊர் டிவில இல்லல்ல.

நம்ம ஊர்லயும் 2022ல மத்திய அரசு விளம்பரத்துக்கு விதிமுறை கொண்டு வந்திருக்கு, வாங்குன்னு பிள்ளைங்கள நேரா தூண்டக் கூடாது, அப்பா அம்மாவ நச்சரிக்கச் சொல்லக் கூடாதுன்னு அதுலயும் இருக்கு. ஆனா சின்னவன் பாக்குற டப்பா பிரிக்கிற வீடியோ அவனுக்கு விளம்பரமாவே தெரியாதுக்கா, அங்கதான் பிரச்சனையே. பிஸ்கட் கவர் விளம்பரம்னு நமக்குத் தெரியும். இவரோட பத்திரிகை ஆரம்பத்துல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும், படிச்சா முடிஞ்சிரும், அடுத்தது வர்ற வரைக்கும் பையன் பென்சில வச்சுக்கிட்டு மேப்பையே பாத்துக்கிட்டு இருப்பான். கேம் வேணும்னா அப்பாகிட்டதான் கேக்கணும், அவர் முடியாதுன்னா முடியாது. நம்ம அப்பா எத்தன தடவ முடியாதுன்னு சொல்லியிருப்பாரு! இப்ப அந்தக் கேக்குற எடத்தையே எடுத்துட்டாங்க. நான் சம்பளம் வாங்குறதே இந்த கேம் தொழில்லதான், அதனால சொல்றேன், ஆள தினமும் திரும்ப வர வைக்கிறதுக்கு, காசுன்னே தெரியாத மாதிரி காசு செலவழிக்க வைக்கிறதுக்கு மீட்டிங் போட்டு பேசுறாங்க, டைமண்ட், காயின்னு பேரு வைக்கிறதே ரூபாய மறக்கடிக்கத்தான். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் அதுக்கு எதிர்ல என்ன பண்ணுவான். அதனால அவன அடிக்காத, திட்டாத. தப்பு அவன் மேல இல்ல.

நீ பண்ண வேண்டியது இதுதான். அத்தான் போன்ல பிளே ஸ்டோர் செட்டிங்ஸ் போய், ஒவ்வொரு தடவ வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைக்கச் சொல்லு, அந்தப் பாஸ்வேர்டு அவனுக்கு தெரியக் கூடாது. போன காசுக்கு ரிஃபண்ட் கேக்கலாம், இன்னும் கேக்கலைன்னா இன்னைக்கே கேளு, லேட் பண்ணா கிடைக்காது. கேம் ஆடவே கூடாதுன்னு மட்டும் சொல்லிறாத, ஞாயித்துக்கிழம அவன் கூட உக்காந்து நீயும் ஆடு, நீ என்னை விட நல்லா ஆடுவ.

நண்பர் அந்தப் பெட்டில இருந்து ரெண்டு மேப்ப காப்பி எடுக்க விட்டார். பெரிய சைஸ் பேப்பர்ல கலர்ல எடுத்து மடிக்காம சுருட்டி வச்சிருக்கேன், ஏப்ரல்ல மதுரைக்கு ஒருத்தர் வர்றார், அவர்கிட்ட குடுத்து விடுறேன். அவர்கிட்டயே நீ திருப்பி குடுத்து விட வேண்டியது, சிவகாசில இருந்து வர்ற லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் புதுசு கொஞ்சம், பாப்பா தமிழ் படிக்கப் பழகணும்ல, அப்புறம் கடலமிட்டாய் ரெண்டு கிலோ, பஜார்ல நாம எப்பவும் வாங்குற கடைல. பரண்ல என் பழைய காமிக்ஸ் கட்டு இருந்தா அதத் தொடாத, நான் வந்து எடுத்துக்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி