செர்ப்பிகோ யாரிடம்தான் சொல்லவில்லை?

அன்புள்ள ரவி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. நியூயார்க் போலீஸ்காரர் ஃபிராங்க் செர்ப்பிகோ சக போலீஸார் லஞ்சம் வாங்குவதைப் பத்திரிகைக்குக் கொண்டுபோகாமல் மேலதிகாரியிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருக்கிறாய். சொன்னார்டா, வருஷக்கணக்காகச் சொன்னார். 1966-ல் ஒரு சூதாட்டக்காரன் அனுப்பிய 300 டாலர் லஞ்சக் கவரை ஒரு போலீஸ் கேப்டனிடம் கொண்டுபோனார். சாட்சி சொன்னால் ஈஸ்ட் ரிவரில் பிணமாகக் கிடப்பாய், இல்லையென்றால் மறந்துவிடு என்றாராம் அந்தக் கேப்டன். நண்பர் டேவிட் டர்க்குடன் மேயர் அலுவலகம் வரை போய்ப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதற்கு மாமூல் கணக்கைப் பார்க்கவேண்டும். மஃப்டி போலீஸார் சூதாட்ட இடங்களில் மாதாமாதம் வசூலித்துப் பங்கு போட்டார்கள். மிட்டவுன் மன்ஹாட்டனில் தலைக்கு 300, 400 டாலர். ஹார்லெமில் 1,500 வரை. மேற்பார்வையாளருக்கு ஒன்றரைப் பங்கு. புதிதாக வந்தவனுக்கு முதல் இரண்டு மாதம் பங்கு கிடையாது. ஆள் உளவாளியா என்று அதற்குள் பார்த்துவிடுவார்கள். மாறுதலாகிப் போகிறவனுக்கு அந்த இரண்டு மாதப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். சம்பளப் பட்டுவாடா தோற்றது, போ! இப்படி ஓடுகிற இடத்தில் கை நீட்டாதவன்தான் எல்லோருக்கும் ஆபத்து.

பத்திரிகைக்கும் அவர் தனியாகப் போகவில்லை. இன்ஸ்பெக்டர் பால் டிலீஸ் கூட வந்து ஆமாம் என்றார். வெறும் கான்ஸ்டபிள் பேச்சென்றால் செய்தி ஏறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 1970 ஏப்ரல் 25 நியூயார்க் டைம்ஸில் வந்தது; அடுத்த மாதமே மேயர் லிண்ட்சே போலீஸ் ஊழலை விசாரிக்க நாப் கமிஷனை அமைத்தார்.

1971 பிப்ரவரி 3, புரூக்ளின், போதைமருந்து ரெய்டு. ஸ்பானிஷ் பேசி உள்ளே இருந்தவனைக் கதவைத் திறக்கவைத்தார் செர்ப்பிகோ. பாதி உடம்பு உள்ளே, சங்கிலிக் கதவு நெருக்குகிறது; பின்னால் நின்ற சகாக்கள் தள்ளிக்கொடுக்கவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. முகத்தில் குண்டு. உதவி கேட்டுப் போன் செய்தது பக்கத்து வீட்டு முதியவர். பிழைத்து எழுந்து, அந்த டிசம்பரில் கமிஷன் முன் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்.

அப்போதைய நியூயார்க் போலீஸ் கமிஷனர் பேட்ரிக் மர்ஃபி செய்ததில் எனக்குப் பிடித்தது இரண்டு: கீழே நடக்கும் ஊழலுக்கு அந்தந்தப் பகுதி அதிகாரியே பொறுப்பு என்றார், ரகசியமாகத் தகவல் தர போலீஸாரிலேயே ஆள் பிடித்துவைத்தார். மாதாந்தர மாமூல் அமைப்பு நொறுங்கியது. ஆனால் அதே போலீஸை மறுபடி விசாரித்த மோலன் கமிஷனின் 1994 அறிக்கையைப் பார்: பங்கு போடும் வழக்கம் போய், சின்னச் சின்னக் கும்பல்களாகப் போதை வியாபாரிகளிடமே கொள்ளையடித்திருக்கிறார்கள். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்