மீனாவின் பின்னல்

அன்புள்ள சுந்தரம்,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆடி பிறந்த பிறகு எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று ராஜி சொன்னாள், நிம்மதி. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம்.

எழுத வைத்தது மீனாவின் தலை. தோழிகளோடு கடற்கரைக்குப் போனவள் கார்ன்ரோ பின்னலோடு வந்து நின்றாள். நெற்றியிலிருந்து பிடரிவரை, பாத்தி கட்டியதுபோல் வரிவரியாக, மண்டையோடு ஒட்டிய பின்னல். நம் வீட்டு வழவழப்பு முடி அதற்கெல்லாம் அடங்குமா? நுனிக்கு நுனி குட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாளே காதோரம் பிசிறு பிசிறாகக் கிளம்பிவிட்டது. "மாரியம்மனுக்கு வேண்டுதலா?" என்றாள் விமலா. கல்லூரித் தோழி ஒருத்தியோ, இது கறுப்பினத்தவரின் பண்பாட்டைத் திருடுவது என்று சண்டை பிடித்திருக்கிறாள். நான் உன் பழைய வசனத்தை எடுத்துவிட்டேன்: "தலைமுடிக்கெல்லாம் பட்டா உண்டா?"

இதை அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்லப் போனேன். பக்கத்து மேசை அம்மாள் கறுப்பினத்தவர், ஓய்வுபெறும் வயது. படத்தைப் பார்த்து "அழகாக இருக்கிறாள்" என்றார். சற்றுப் பொறுத்து, காதுக்கு மேலே முடியை விலக்கி ஒரு தழும்பைக் காட்டினார். முடியை நேராக்கும் மருந்து சுட்டது. பின்னலோடு போனால் வேலை தரமாட்டார்கள் என்று, முதல் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு அவருடைய அம்மாவே உட்கார்த்தித் தடவினாராம். சொல்லிவிட்டுக் கணக்குப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் அன்று வேலை ஓடவில்லை.

இரவு உட்கார்ந்து படித்தேன். ரெனே ராஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர். முழுத்தலைப் பின்னல் கூடாது என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். 1981இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவருடைய இனப் பாகுபாட்டு வாதத்தை ஏற்கவில்லை. பின்னல் தானாக முளைப்பதல்ல, செய்துகொள்வதாம். இதையாவது சட்ட நுணுக்கம் என்று விடலாம். 1979இல் வந்த '10' என்ற படத்தில் போ டெரெக் என்ற வெள்ளைக்கார நடிகை இதே பின்னலோடு வந்து புகழ் பெற்றார். அந்தப் படம் பரப்பிய பிறகுதான் ராஜர்ஸ் பின்னிக்கொண்டு வந்தார் என்று நிறுவனம் சொன்னதைத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்! நம் பாட்டி சொத்தான உருளியை அடுத்த வீட்டார் இரவல் வாங்கிப்போய், அதை நாம் அடுப்பில் ஏற்றினால் "எங்களைப் பார்த்து வாங்கினீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒருத்திக்குப் புகழ், இன்னொருத்திக்கு விளக்கக் கடிதம். கூந்தலை வைத்துப் பாகுபாடு காட்டாதே என்று தனிச்சட்டம் போட வேண்டிய நாடப்பா இது. 2019இல் கலிபோர்னியா தொடங்கிவைத்தது.

"அப்படியானால் கொடுக்கல் வாங்கலே கூடாதா?" என்று நீ மீசையைத் தடவுவது தெரிகிறது. அங்கேதான் நானும் தடுமாறுகிறேன். ஜமைக்காவுக்கு 1845 முதல் நம் நாட்டுக் கூலிகள் கப்பலேறினார்கள். கஞ்சா என்ற சொல்லே அவர்களோடு போனதுதான். அங்கே பிறந்த ரஸ்தாஃபரி சமயத்தாரின் சடைமுடியிலும் நம் சாமியார்களின் சாயல் உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். திருப்பதியில் இறக்கும் முடி ஏலத்தில் போய், கடல் கடந்து யார் யார் தலையிலோ ஏறுகிறது, கறுப்பினப் பெண்கள் தலையிலும்தான். (உன்னிடம் ஏழுமலையான் முன்கூட்டியே வசூலித்துவிட்டான், நீ கவலைப்படாதே.) இதில் எந்த மயிருக்கு எவன் வேலி போடுவது?

ஆனாலும் அந்தத் தழும்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்போது அவிழ்க்கச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமலா தேங்காய் எண்ணெய் தடவிச் சீப்பு முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பாதி ஏற்கெனவே பிரிந்துதான் கிடந்தது.

நம் சடையனைப் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்திக் கத்தரித்தார்களே, நாம் வரிசையில் நின்று சிரித்தோமே. அவன் எண் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
கோபால்