ஒரே மூடிக்குள் இலையும் நெருப்பும்: புகையிலைப் பெட்டி வடிவமைப்பவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய வடிவமைப்பாளர்களே,

வணக்கம். புகையிலைத் தூளுக்கு ஓர் அறை, லைட்டருக்கு ஓர் உறை, சிகரெட் தாளுக்கு ஒரு பிளவு, ஃபில்டருக்கு ஒரு பொந்து, பைப்பைக் குடையும் கம்பிக்கு மூடியில் ஒரு பள்ளம் என எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும் வடிவங்களை நீங்கள் உருவாக்கி வருகிறீர்கள். டப்பாக்களும் மூடிகளும் வடிவமைப்பதுதான் என் தொழிலும். அதனால் உங்கள் வரைபடங்களை ஆசையோடு பார்க்கிறேன். உள்ளங்கையளவு இடத்தில் ஆறேழு பொருள்களை உராயாமல், உருளாமல் நிறுத்துவது லேசான வேலை இல்லை. ஆனாலும், இவற்றைத் தனித்தனியே வைத்திருந்தபோது இல்லாத எந்த ஆபத்து, சேர்த்து வைப்பதால் புதிதாக வருகிறது என்ற கேள்விக்கு அந்த வரைபடங்களில் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. அதைக் கேட்கவே இந்த மடல்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடிக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைப்பவர் அருகில் இருந்த ஒரே காரணத்தால் இறப்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. யாருமே புகைக்காத நிலை வந்தால் என்னைவிட மகிழ்பவர் இருக்க முடியாது. அந்த நாள் வரும்வரை இந்தப் பெட்டிகள் மேசையிலும் கட்டிலோரத்திலும் பையிலும் கிடக்கத்தான் போகின்றன. வாங்கியவர் மட்டுமா அவற்றைத் தொடப்போகிறார்? அதே வீட்டில் இருக்கிற, புகைக்காதவர்களின் சார்பில்தான் எழுதுகிறேன்.

நெருப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்று கொஞ்சம் பாருங்கள். தொடக்ககாலத் தீக்குச்சிகளின் தலையிலேயே வெண்பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும், பைக்குள்ளேயும் பற்றும். 1844-இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக் பாஷ் பாஸ்பரஸைக் குச்சியின் தலையிலிருந்து எடுத்துவிட்டு, ஆபத்துக் குறைந்த சிவப்புப் பாஸ்பரஸாக உரசும் பட்டையில் வைத்தார். 1855 வாக்கில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெருமளவில் செய்து விற்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நெருப்பை இரண்டு பாதிகளாகப் பிரித்து, பாதியைக் குச்சியிலும் பாதியைப் பெட்டியிலும் வைத்ததுதான் பாதுகாப்புத் தீப்பெட்டியின் மொத்த ரகசியம். பிறகு 1892-இல் ஜோஷுவா பியூசி அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அட்டைத் தீப்பெட்டியில் உரசும் பட்டை உட்புறமாக, குச்சித் தலைகளை ஒட்டியே இருந்தது. ஒரு பொறி தெறித்தால் வரிசை முழுக்க எரியும். ஆகவே பட்டையை வெளியே கொண்டுவந்தார்கள், ‘மூடிவிட்டு உரசவும்’ என்று அட்டையில் அச்சிட்டார்கள். 1970-களில் அமெரிக்க விதிகள் அந்தப் பட்டையை அட்டையின் பின்பக்கத்துக்கே தள்ளின. ஒவ்வொரு படியிலும் நடந்தது ஒன்றுதான்: எரிவதையும் எரிய வைப்பதையும் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். உங்கள் பெட்டி அந்த இரண்டையும் மறுபடி ஒரே மூடிக்குள் கொண்டுவருகிறது. சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்க்கிறவர் பிரிக்கும் வேலையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

நான் பிரித்துப் பார்த்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். மெல்லிய தகரம், வட்டமான மூலைகள், காந்தத்தில் ஒட்டும் மூடி. இடப்பக்கம் தூள் அறை; வலப்பக்கம் நெகிழியில் வார்த்த லைட்டர் உறை. உறைக்கும் தூள் அறைக்கும் நடுவே இருந்த சுவர் மூடியைத் தொடவில்லை, மேலே விரல் நுழையும் இடைவெளி. சாதாரண லைட்டர் ஒன்றைச் செருகி மூடினேன். மூடி சரியாகத்தான் மூடியது. திறந்தபோது காஸ் வாடை அடித்தது. மூடியின் உட்புறத்தில் வலுவுக்காகக் கொடுத்திருந்த ஒரு மேடு, லைட்டரின் எரிவாயு நெம்புகோல் மேல் மயிரிழை அளவுக்கு உட்கார்ந்திருந்தது. தூள் அறையை மோந்து பார்த்தால் அதிலும் அதே வாடை. அந்த மேட்டை ஒரு விரலகலம் நகர்த்தியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

அந்த வாடை எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லைட்டரில் இருக்கும் எரிவாயுவான பியூட்டேன் காற்றில் ஏறக்குறைய 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் கலவை தயார். 200 மில்லிலிட்டர் கொள்ளும் பெட்டியில் அது 3.6 மில்லிலிட்டர் வாயு. எடை சுமார் 9 மில்லிகிராம். லைட்டருக்குள் இருப்பதோ கிராம் கணக்கில். பியூட்டேன் காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே எழும்பிப் போகாது, பெட்டியின் அடியில் தேங்கும். தூள் காயாமலிருக்க நீங்கள் மூடியைச் சுற்றிப் போட்ட ரப்பர் வளையம் அந்த வாயுவையும் சேர்த்துக் காப்பாற்றி வைக்கிறது. பிறகு ஒருவர் பெட்டியை முகத்தருகே வைத்துத் திறந்து, அங்கேயே லைட்டரைத் தட்டுகிறார்.

இதற்கான தீர்வுகள் ஒன்றும் புதியவை அல்ல. லைட்டர் உறை காற்றுப்புகாத அறைக்கு வெளியே இருக்கட்டும். அதன் அடிப்பாகத்தில் துளைகள் இருக்கட்டும், கசிந்தால் வாயு வெளியே போய்விடும். நெம்புகோல் இருக்கும் இடத்தில் மூடியின் எந்தப் பகுதியும் படாதபடி குழிவாக விடுங்கள். லைட்டர்கள் எல்லாம் ஒரே உயரம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கையில் கிடைத்த ஒன்றுக்கு அளவெடுத்துச் செய்த உறையில் நாளைக்கு வேறொன்றைச் செருகுவார்கள். எண்ணெய் ஊற்றும் லைட்டர் என்றால் இன்னொரு தொல்லை: அதன் எரிபொருளான நாப்தா கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், புகையிலை அந்த வாடையைக் குடித்துவிடும். ருசி கெடுகிறதே என்று பயனாளர் கவலைப்படுவார். ஆவி எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. புகையிலை காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் பதமாக இருக்கும். கூடினால் பூஞ்சை, குறைந்தால் நொறுங்கிப் பொடி. பக்கத்தில் வைக்கும் பொருள்களுக்கோ நேர்மாறான தேவை. சிகரெட் தாளின் பசை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், தீக்குச்சித் தலை நமுத்துப்போகும். எனவே நடுச்சுவர் முழு உயரத்துக்கு வந்து மூடியோடு பொருந்துவது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பொருள் ஒழுங்காகப் பயன்படவும் தேவை. உங்கள் வணிகப் பிரிவினர் செலவைக் காட்டி மறுத்தால், இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு மனசு பதறுகிறது.

ஒரு சிகரெட்டின் இலையில் மட்டும் சுமார் 10 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கும். முழுவதும் புகையாக உள்ளே போவதில்லை என்பதால் புகைப்பவர் அதைத் தாங்குகிறார். தவழும் பிள்ளை தூளை வாயில் அள்ளிப் போட்டால் அப்படி இல்லை. வாந்தி, எச்சில் வடிதல், வெளிறிப்போதல், வியர்த்துக் கொட்டுதல், கடுமையானால் வலிப்பு. இத்தனையும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, கூடவே லைட்டர், கூடவே சுருட்டு வெட்டும் கத்தி, கூர்மையான கம்பி. பிள்ளையின் கண்ணுக்கு அது என்ன? அறை அறையாகத் திறக்கிற, இழுத்தால் வருகிற, தட்டினால் மூடிக்கொள்கிற அருமையான பொம்மை. பெரியவர்களை மயக்க நீங்கள் சேர்க்கிற அந்த ‘டக்’ சத்தம் அவர்களைவிடப் பிள்ளைகளை அதிகமாக மயக்கும். (காந்த மூடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காந்தத்தைப் பசையால் ஒட்டாதீர்கள். கழன்று விழுந்த இரண்டு காந்தங்களைப் பிள்ளை விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளை இருபுறமும் கவ்விப் பிடித்துத் துளைத்துவிடும்.)

மருந்து டப்பாக்களில் இந்தப் பாடத்தை நம் தொழில் எப்போதோ படித்துவிட்டது. குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடிக்கு அமெரிக்காவில் 1970-லேயே சட்டம் வந்தது. ஐஎஸ்ஓ 8317 என்ற சர்வதேசத் தரத்தின்படி, 42 முதல் 51 மாத வயதுள்ள குழந்தைகளிடம் டப்பாவைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் 100-க்கு 85 பேராவது திறக்க முடியாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு முறை திறந்து காட்டி இன்னும் ஐந்து நிமிடம் தருவார்கள். அப்போதும் 80 பேராவது தோற்க வேண்டும். அதே டப்பாவை 50 முதல் 70 வயதுள்ளவர்களில் 90 சதவீதம் பேர் திறந்து, மூடவும் வேண்டும். திரவ நிகோட்டின் புட்டிகளுக்கும் இத்தகைய மூடி கட்டாயம் என்று அமெரிக்கா 2016-இல் கையெழுத்தான சட்டத்தில் சொன்னது. அதே நிகோட்டின் இலையாக இருக்கும்போது மட்டும் தகர மூடி ஒன்றை விரல்நுனியால் தள்ளித் திறக்கிறோம்.

“ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை திறக்கிற பெட்டி இது. மருந்து டப்பா மாதிரி அழுத்தித் திருகச் சொன்னால் யார் வாங்குவார்கள்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் லைட்டரிடமே இருக்கிறது. 1994-இல் அமெரிக்கா லைட்டர்களுக்குக் குழந்தைத் தடுப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஒவ்வொரு முறை பற்றவைத்த பிறகும் தடுப்பு தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. மனிதர் ஞாபகமாகப் பூட்டுவார் என்று அந்த விதி நம்பவில்லை. உங்கள் மூடியும் அப்படியே இருக்கட்டும்: கையை எடுத்தால் வில்விசையில் தானே மூடிப் பூட்டிக்கொள்ளட்டும். திறக்க இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டியிருக்கட்டும். பெரியவரின் கை விரிந்து பிடிக்கும் அகலத்தில் அந்த இரண்டு இடங்களும் அமையட்டும். பழகியவருக்கு ஒரு நொடி கூடுதல், அவ்வளவுதான். சிகரெட் தாள் அறைக்கு இது தேவையில்லை. இலைக்கும் நெருப்புக்கும் கூர்மையான கருவிகளுக்கும் இல்லாமல் முடியாது.

புகைத்து முடித்த பிறகு என்ன என்பதற்கும் உங்கள் பெட்டிகளில் இடமே இல்லை. பற்றவைக்கத் தேவையான எல்லாம் உள்ளே உண்டு, அணைத்த துண்டை வைக்க ஓர் அறை கிடையாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4.5 லட்சம் கோடி சிகரெட் துண்டுகள் தெருவிலும் தண்ணீரிலும் வீசப்படுவதாக ஒரு மதிப்பீடு உண்டு. அந்த ஃபில்டர் பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழி. பழைய ஜப்பானியர்களின் ‘தபாக்கோ-பொன்’ என்கிற புகைத் தட்டைப் பாருங்கள். இலை வைக்கும் இழுப்பறையோடு தணல் கிண்ணம் தனியாக, சாம்பல் தட்ட மூங்கில் குழாய் தனியாக. புகைப்பதன் கடைசிக் கணத்துக்கும் அதில் இடம் இருந்தது. அவர்கள் மூங்கிலில் செய்ததை உங்களால் அலுமினியத்தில் செய்ய முடியாதா?

சாதாரண சிகரெட்டின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குப் பக்கம். 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உலோகக் குழல்கள் இரண்டு, இறுக்கமான மூடியோடு, வெளியே எடுத்துக் கழுவும்படி இருந்தால் போதும். இழுக்கும்போது தணலின் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். சரியாக அணையாத துண்டு காற்றுப்புகாத குழலுக்குள் தானே அடங்கிவிடும். நெகிழியில் செய்துவிடாதீர்கள், தூள் அறையின் சுவரை அந்தக் குழல் தொடவும் கூடாது. துண்டிலும் நிகோட்டின் தங்கியிருப்பதால் அந்த மூடியும் பிள்ளை திறக்க முடியாததாக இருக்க வேண்டும்.

கடைகளில் விற்கும் பொட்டலத்தின் மேல் எச்சரிக்கை இருக்கிறது. 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, பொட்டலத்தின் முக்கியப் பக்கங்களில் குறைந்தது 30 சதவீதமாவது, இயன்றால் பாதியோ அதற்கு மேலோ எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது. தூளைப் பொட்டலத்திலிருந்து உங்கள் பெட்டிக்கு மாற்றியதும் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. மூடியில் இருப்பது உங்கள் சின்னமும் அழகான கோலமும்தான். எச்சரிக்கைக்கு மூடியிலேயே இடம் ஒதுக்குங்கள். மிட்டாய் டப்பா போலவும் விளையாட்டுக் கார் போலவும் இருக்கும் வடிவங்களை அறவே விட்டுவிடுங்கள். அவற்றை நியாயப்படுத்தும் ஒரு காரணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

‘எங்கள் பெட்டிக்குள் வைப்பது சான்று பெற்ற லைட்டர்தானே’ என்ற பதில் எனக்குப் போதாது. அந்த லைட்டர் தனியாகத் தேறியது. உங்கள் உறைக்குள் செருகி, மேலே மூடியை அழுத்திய பிறகு அதன் நிலைமையே வேறு. லைட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9994, லைட்டரை 65 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்கிறது. அடுத்த முன்மாதிரியை அதே வெப்பத்தில், லைட்டர் உள்ளே இருக்க, மூடி பூட்டியிருக்க வைத்துப் பாருங்கள். அதே உயரத்திலிருந்து நின்ற நிலையில், தலைகீழாக, படுத்த நிலையில் போடுங்கள். விழுந்த வேகத்தில் பூட்டு திறந்ததா, நெம்புகோல் அழுந்தியதா, எத்தனை மில்லிகிராம் வாயு கசிந்தது என்று குறித்து, அந்த எண்களைப் பெட்டியோடு சேர்த்து வெளியிடுங்கள். குழந்தைகளைக் கொண்டு நடத்தும் சோதனையை வெறும் பெட்டியில் நடத்துங்கள், உள்ளே இலையும் லைட்டரும் வேண்டாம். அந்த முடிவையும் மறைக்காமல் சொல்லுங்கள். தர நிர்ணயக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் சிலர் என்று அறிவேன். இந்தச் சேர்க்கைப் பெட்டியைத் தனி வகையாக எடுத்துப் பேசும்படி அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
டப்பா வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் ஒருவன்