300 மீட்டர் என்ற எண்ணின் அடிக்குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் லைடார் கருவி பொருத்திய கைபேசிகள், தானியங்கிக் கார்கள், தரையைப் பெருக்கும் ரோபோக்கள் ஆகியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் லேசரைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. ஆனால், எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியைப் பிடித்து, அது வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சிலிக்கான் உணரியைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. கூடவே, "200 மீட்டர் வரை பார்க்கும்", "300 மீட்டர் வரை பார்க்கும்" என்று தயாரிப்பாளர்கள் தரும் எண்கள் அப்படியே அச்சாகிவிடுகின்றன. எந்தப் பொருளை, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் பார்த்து அளந்த தொலைவு அது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அந்த எண்ணை வைத்து வாசகர் எதையும் முடிவு செய்ய இயலாது. இத்தகைய உணரிகளைச் சோதிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஒளி ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்கிறது. போய்த் திரும்பும் வழி இரு மடங்கு என்பதால், ஒரு நானோ விநாடித் தாமதம் 15 சென்டிமீட்டர் தொலைவைக் குறிக்கும். ஒரு சென்டிமீட்டர் நுட்பத்தில் அளக்க வேண்டுமானால் சுமார் 67 பைக்கோ விநாடி (ஒரு நானோ விநாடியில் ஆயிரம் பைக்கோ விநாடிகள்) வேறுபாட்டை உணரி கண்டுகொள்ள வேண்டும். சாதாரண கேமராவின் பிக்சலுக்கு இது கைவராத வேலை. இதற்கென்றே உள்ளது ஸ்பேட் எனப்படும் சிலிக்கான் டையோடு. தாங்கும் எல்லைக்கும் சில வோல்ட் மேலே எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுத்து அதை நிறுத்திவைப்பார்கள். ஒரே ஒரு போட்டான், அதாவது ஒளித்துகள், உள்ளே விழுந்து ஓர் எலெக்ட்ரானை விடுவித்தால் போதும். அது மோதி மேலும் சிலவற்றை விடுவிக்க, அவை இன்னும் பலவற்றை விடுவிக்க, எளிதில் அளக்கக்கூடிய மின்னோட்டம் நொடிப்பொழுதில் பெருகிவிடும். உடனே மின்னழுத்தத்தைக் குறைத்து அந்தப் பெருக்கை அணைத்து, மறுபடியும் பழைய நிலைக்கு உயர்த்த வேண்டும். இடைப்பட்ட சில நானோ விநாடிகளுக்கு அந்தப் பிக்சல் எதையும் பார்க்காது. இந்த அணைக்கும் மின்சுற்றுகளில் முன்னோடி வேலையை மிலான் பல்கலைத் தொழில்நுட்பக் கழகத்தில் செர்ஜியோ கோவாவின் குழு 1970களிலேயே தொடங்கிவிட்டது. வழக்கமான சிப் தயாரிப்பு முறையிலேயே இவ்வகை டையோடுகளைச் செய்யலாம் என்பது 2000க்குப் பின் உறுதியானதும், 2020இல் ஆப்பிளின் ஐபேட் ப்ரோ கையடக்கக் கணினி வரை அவை வந்து சேர்ந்தன.

சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், உள்ளே விழுந்த போட்டான் லேசரிலிருந்து வந்ததா, சூரியனிலிருந்து வந்ததா என்று அந்தப் பிக்சலுக்குத் தெரியாது. ஆகவே ஒரே ஒரு லேசர் துடிப்பை அனுப்பி விடை பெற முடிவதில்லை. பல துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொரு முறையும் போட்டான் எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்து, வாக்குச் சீட்டுகளைச் சின்னம்வாரியாகக் கட்டிவைப்பதுபோல நேரவாரியாகச் சேர்த்துக்கொண்டே போனால், சூரிய ஒளியின் எண்ணிக்கை எல்லா நேரக் கட்டங்களிலும் பரவலாக விழும். லேசரின் எண்ணிக்கை ஒரே கட்டத்தில் குவிந்து எழும். அந்த முகடு சூரிய ஒளியின் ஏற்ற இறக்கங்களுக்கு மேலே தெளிவாகத் தெரிந்தால்தான் தொலைவு கிடைக்கும். வெயில் ஏற ஏற சூரிய ஒளியின் அந்தப் பரவலான எண்ணிக்கை உயர்கிறது, முகடு அமுங்குகிறது. மேலும் பல துடிப்புகளை அனுப்பினால் தீராதா என்று கேட்கலாம். 200 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறக்குறைய 1.33 மைக்ரோ விநாடி ஆகிறது. முன்னது திரும்பும்வரை காத்திருந்து அடுத்ததை அனுப்பினால், நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவியில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 25,000 துடிப்புகளே சாத்தியம். பல திசைகளை மாறிமாறிப் பார்க்கும் கருவியாக இருந்தால் அதையும் அத்தனை திசைகளுக்கும் பங்கிட வேண்டும். துடிப்பின் வலிமையைக் கூட்டலாம் என்றாலோ, கண்ணுக்கான பாதுகாப்பு வரம்பு குறுக்கே நிற்கிறது.

பொருளின் நிறமும் இதே அளவுக்கு முக்கியம். 80 சதவீத ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பலகையை 100 மீட்டரில் பார்க்கும் கருவி, 10 சதவீதமே திருப்பும் கறுப்பு ஆடையை எவ்வளவு தொலைவில் பார்க்கும்? திரும்பும் ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், சுமார் 35 மீட்டரில்தான். கருவி ஒன்றே, எண் மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

அலைநீளத்தில் சிலிக்கானுக்கென்றே உள்ள ஒரு பலவீனமும் சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி வேண்டும் என்பதால் 905 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்துகிறார்கள். காற்றிலுள்ள நீராவி 940ஐ ஒட்டிய சூரிய ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதால் அங்கே வெயிலின் தொல்லை குறைவு, நல்ல தேர்வுதான். ஆனால் பச்சை ஒளியை ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும் சிலிக்கான், 940 நானோமீட்டர் ஒளியை அதே அளவு உறிஞ்ச 50 மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனைக் கேட்கிறது. சிப்பில் ஒளி உணரும் படலமோ சில மைக்ரோமீட்டர்தான். ஆகவே வரும் போட்டான்களில் பெரும்பான்மை தடம் விடாமல் கடந்துபோய்விடும். ஒளியைச் சிப்பின் பின்பக்கமாக உள்ளே விடுவது, மேற்பரப்பில் நுண்ணிய பிரமிடுகளைச் செதுக்கி ஒளியைச் சாய்த்து அதன் பாதையை நீட்டுவது என்று பொறியாளர்கள் செய்யும் பாடெல்லாம் இதற்காகத்தான். 1550 நானோமீட்டருக்கு மாறினால் லேசரின் வலிமையைக் கூட்டலாம். அந்த ஒளி விழித்திரையை எட்டாது. ஆனால் சுமார் 1100 நானோமீட்டருக்கு அப்பால் சிலிக்கானுக்குப் பார்வையே கிடையாது. இண்டியம் காலியம் ஆர்சனைடு போன்ற விலை கூடிய பொருள்களைத்தான் நாட வேண்டும்.

இவ்வளவையும் எழுதியதற்குத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் மறைக்கிறார்கள் என்பது காரணமன்று. 2021 செப்டம்பரில் சோனி நிறுவனம் கார்களுக்கான ஐஎம்எக்ஸ்459 என்ற ஸ்பேட் உணரியை அறிவித்தபோது, 300 மீட்டர் வரை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் அளக்கும் என்றதோடு, 905 நானோமீட்டரில் போட்டான்களைக் கண்டறியும் திறன் 24 சதவீதம் என்பதையும் வெளியிட்டது. அதாவது நான்கில் ஒன்றைக்கூட முழுதாகப் பிடிப்பதில்லை. இத்துறையில் அது நல்ல எண்தான். அந்த 300 மீட்டருக்கு ஓர் அடிக்குறிப்பும் இருந்தது: மேகமூட்டமான பகலில், 10 சதவீதம் ஒளியைத் திருப்பும் பொருளை, 36 பிக்சல்களின் கணக்கை ஒன்றாகக் கூட்டி அளந்தால் என்று. நேர்மையான அடிக்குறிப்பு அது. செய்தியாக மாறும்போது முதலில் உதிர்வது அதுதான் என்பதே என் வருத்தம்.

ஆகவே தொலைவு எண் வரும் இடத்தில் பொருளின் எதிரொளிப்பு, வெளிச்சத்தின் அளவு, நொடிக்கு எத்தனை படம், எத்தனை பிக்சல்களைக் கூட்டியது என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து அச்சிடுமாறும், தயாரிப்பாளர் அவற்றைத் தரவில்லையென்றால் தரவில்லை என்றே எழுதுமாறும் வேண்டுகிறேன். கைபேசிகளைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கேட்டு எழுதலாம். அவற்றின் லைடார் அனுப்புவது தனித்தனி ஒளிப்புள்ளிகளை மட்டுமே. திரையில் நாம் காணும் வழுவழுப்பான ஆழப் படத்தின் மிச்சப் பகுதியை வண்ணக் கேமராவின் படத்தைக் கொண்டு மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. கண்ணாடிக் கதவையோ, மெல்லிய கம்பியையோ அந்த ஊகம் தவறவிடக்கூடும். படத்தில் எவ்வளவு உணரி அளந்தது, எவ்வளவு மென்பொருள் நிரப்பியது என்று விற்பவரிடம் கேட்பதற்குச் செய்தியாளருக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்