அக்காவிடமே கேள்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், பிள்ளைகளுக்குக் காதை மூடி அனுப்பு.

போனில் பேசினால் நீ நடுவில் ஏதாவது சொல்வாய், நான் மறந்துபோவேன். அதனால்தான் கடிதம்.

ஈஸ்டர் அன்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் என் கழுத்தில் சங்கிலி இல்லை என்று கவனித்திருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை. ஜூரோங் அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாய். அவளும், "உன் அக்காவைச் சிராங்கூன் சாலை நகைக்கடையில் பார்த்தேனே" என்றாளாம். அது பொய்யில்லை. கொக்கி தேய்ந்து சங்கிலி கழன்றுகொண்டே இருந்தது. அதைச் சரிபண்ணக் கொடுக்கத்தான் அக்கா போனாள். இப்போது சங்கிலி என் கழுத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நீ கேட்டது அத்தை வாய் வழியாக அக்கா காதுக்கு வந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் பார்த்தால், பலதுறை மருந்தகத்தில் கட்டியது, டாக்சிக்குக் கொடுத்தது, ஃபேர்பிரைஸ் கடையில் வாங்கிய மீன் வரைக்கும் எல்லா ரசீதையும் ஒரு காலி மைலோ டின்னில் போட்டு வைக்கிறாள். ஒருநாள் கீழே காப்பிக்கடையில் எனக்குத் தே ஓ வாங்கி வந்தாள். ரசீது தரவில்லையாம். துண்டுக் காகிதத்தில் தேதியும் விலையும் எழுதி அதையும் டின்னுக்குள் போட்டாள். என்னம்மா இது என்றேன். "இருக்கட்டும்மா, நாளைக்கு யாராவது கேட்டால்?" என்றாள். இத்தனை வருஷம் கணக்குப் பார்க்காமல் எனக்குச் செய்த பிள்ளை, தம்பி.

சவுல் ராஜாவின் கதை உனக்குத் தெரியும். சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று பெண்கள் பாடிய பாட்டில் அவன் பொறாமை ஆரம்பித்ததை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். அது எங்கே போய் முடிந்தது என்பதை 1 சாமுவேல் 22இல் எடுத்து வாசி. கிபியாவில் ஒரு தோப்பில், கையில் ஈட்டியோடு உட்கார்ந்து, நீங்கள் எல்லாரும் எனக்கு விரோதமாகச் சதி பண்ணிவிட்டீர்கள் என்று சொந்த ஊழியக்காரரிடமே புலம்புகிறான். அந்த நேரம் பார்த்து அவன் ஊழியக்காரரில் ஒருவன், ஏதோமியனாகிய தோவேக்கு என்பவன், வாய் திறக்கிறான்: தாவீது ஆசாரியன் அகிமெலேக்கிடம் வந்ததைப் பார்த்தேன், அவன் தாவீதுக்கு அப்பம் கொடுத்தான், வாள் கொடுத்தான். சொன்னது நடந்ததுதான். சவுல் ராஜாவின் வேலையாகத்தான் தாவீது வந்தான் என்று நம்பி ஆசாரியன் கொடுத்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டான். சவுல் அகிமெலேக்கைக் கூப்பிட்டு விசாரிக்கத்தான் செய்தான், ஆனால் பதிலைக் கேட்கிற காது அவனுக்கு இல்லை. அவன் கட்டளையால் அன்று ஒரே நாளில் ஆசாரியர் 85 பேர் செத்தார்கள். சந்தேகப்படுகிறவன் பக்கத்தில் ஒரு தோவேக்கு எப்படியாவது வந்து நிற்பான். (அத்தையைச் சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்தான்.)

உன் கல்யாணத்தில் போதகர் 1 கொரிந்தியர் 13 வாசித்தார். அன்பு "தீங்கு நினையாது" என்று வருகிறதே, அதைக் கல்யாணத்துக்கென்று பவுல் எழுதவில்லை. சகோதரனோடு சகோதரன் வழக்காடிக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். 6ஆம் அதிகாரத்தில் அந்தச் சண்டையைப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாரையும் நம்பி ஏமாறச் சொல்கிறீர்களா என்பாய். இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது போன் போட்டால் நான் உடனே வைத்துவிடுகிறேன், சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799ஐக் கூப்பிட்டுக் கேட்கிறேன். ஆண்டவரே மனுஷர் உள்ளத்தை அறிந்து சிலரிடம் தம்மை ஒப்புவிக்கவில்லை என்று யோவான் எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாதவனிடம் உஷாராக இருப்பது வேறு, கூடப் பிறந்தவளை வேவு பார்ப்பது வேறு.

யோசுவா 22ஐயும் வாசி, அது உனக்காகவே இருக்கிறது. யோர்தானுக்கு அந்தப் பக்கம் குடியேறிய ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஆற்றோரம் பெரிய பலிபீடம் ஒன்று கட்டினார்கள். வேறே பலிபீடம் கட்டிக் கர்த்தருக்குத் துரோகம் பண்ணிவிட்டார்கள் என்று மற்ற இஸ்ரவேலர் சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிட்டார்கள். ஆனால் போவதற்கு முன் ஆசாரியன் பினெகாசையும் 10 பிரபுக்களையும் அனுப்பி, நேருக்கு நேர் கேட்டார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? நடுவே ஆறு இருக்கிறது, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடக் கூடாது, அதற்குச் சாட்சியாகக் கட்டினோம் என்றார்கள். யுத்தம் நின்றது.

அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இருந்த பயம்தான் உனக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தூரத்தில் இருக்கிறவனுக்குப் படம் மட்டும்தான் வருகிறது, மீதியை மனசு எழுதிக்கொள்கிறது. உன்னை ஒதுக்கிவிடுவோமோ என்று நினைக்கிறாய். அப்பாவின் மத்திய சேமநிதிப் (சிபிஎஃப்) பணத்தைப் பற்றியும் உள்ளுக்குள் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். அந்தப் பணம் உயிலில் வராது. இருக்கும்போதே யார் பேரை எழுதிவைத்தாரோ அவருக்குத்தான் போகும், அப்பா என் பேரை எழுதியிருந்தார். இதில் அக்காவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. டிசம்பரில் வரும்போது கணக்கைக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஈசூன் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். உனக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தானே, சாப்பிட்டதும் அக்காவுக்கே போன் போடு. நகையோ பணமோ, என்ன வேண்டுமானாலும் கேள். அவள் கோபப்பட்டால் படட்டும், போனை வைத்துவிடாதே. அத்தைக்கு மட்டும் இப்போதைக்குப் போன் வேண்டாம், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஜெபத்துடன்,
அம்மா