மலைக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் இருவரும் மலைக்குக் கிளம்புகிறீர்கள் என்றும், அங்கே தனியாக ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறாய் என்றும், ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவீர்கள் என்றும் மருமகள் தொலைபேசியில் சொன்னாள். நீ சொல்லவில்லையே என்று குறைப்படவில்லை. உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். கூப்பிட்டுப் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். எழுத்தென்றால் ஒரு முறையாவது முழுதாகப் படிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நெருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறைக்குள்ளேயே கணப்பு இருக்கிறது, இரவில் விறகு போட்டுத் தருவார்கள் என்று அவள் ஆசையாகச் சொன்னாள். புகைபோக்கி உள்ள கணப்பென்றால் போனதும் அது அடைபடாமல் இருக்கிறதா என்று அங்கிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். ஆனால் குளிர் தாங்கவில்லையென்று கரிச்சட்டியில் கங்கு அள்ளி யாரேனும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் எக்காரணத்தைக் கொண்டும் ஒப்புக்கொள்ளாதே. புகை அடங்கிவிட்டது என்பதற்காக ஆபத்தும் அடங்கிவிட்டதாக ஆகாது. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது பற்றிக்கொள்வதால், காற்றில் கொஞ்சமாகக் கலந்திருந்தாலே உடம்பு மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கிவிடும். தலைவலி, குமட்டல், அசதி என்றுதான் முதலில் தெரியும். மலையேறிய களைப்பு என்று நினைத்துக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் பொருத்தியிருந்தால் சன்னலைத் திறந்துவைத்துவிட்டே குளிக்க வேண்டும் என்பதை அவளிடமும் சொல்.

குளிருக்கு நெருப்பைவிடப் போர்வைதான் நம்பிக்கையானது. மலையில் ஏற ஏற, ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடிக்கொண்டே போகும்; 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டேஜ் என்றால் கடல்மட்டத்தில் இருக்கும் ஊரைவிடப் பதின்மூன்று டிகிரி குறைவாக இருக்குமென்று வைத்துக்கொள். மேகமில்லாமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிகிற இரவு இன்னும் குளிரும், ஏனென்றால் பகலில் தரை வாங்கிய சூட்டைத் திருப்பியனுப்ப மேலே மேகமே இருக்காது. அங்கே கொடுக்கும் போர்வைகளை மட்டும் நம்பாமல் வீட்டிலிருந்தும் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

போர்வை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கடைசியாக நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, காலையில் ஹாலுக்கு வந்தேன். சோபாவின் ஓரத்தில் ஒரு தலையணையும் நீல நிறப் போர்வையும் மடித்து வைத்திருந்தன. போர்வையின் மேல் உன் மூக்குக்கண்ணாடியின் கூடும் போன் சார்ஜரும் இருந்தன. சோபாவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே சார்ஜர் வயர் தொங்கிப் பழகிய தடம் தெரிந்தது. அடுக்களையிலிருந்து வந்த மருமகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. இரவு வெகுநேரம் வேலை இருக்கிறது, அவள் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் வெளியே படுக்கிறேன் என்பாய். அது உண்மையாகவே இருக்கலாம். இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொள்கிறேன்.

கரிச்சட்டி வேண்டாம் என்பதை மறந்துவிடாதே.

வண்டி ஓட்டுவதில் நீ நிதானமானவன் என்பது எனக்குத் தெரியும். உன் அப்பாவே யாரிடமும் எளிதில் சாவியைக் கொடுக்காதவர். நீ ஓட்டினால் மட்டும் பின்னிருக்கையில் தூங்கிவிடுகிறார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை உன்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து அப்படியே கிளம்பி, நள்ளிரவில் மலையேறும் எண்ணம் இருந்தால் மாற்றிக்கொள். வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள். மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுவதால் பள்ளத்தாக்கில் இருட்டு நாம் எதிர்பார்க்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிடும். மூடுபனி இறங்கினால் ஹெட்லைட்டை ஹை பீமில் போடாதே. பனித்துளிகளில் பட்டு அந்த வெளிச்சம் உன் கண்ணுக்கே திரும்பி வரும், பாதை இன்னும் மறையும். தாழ்த்தி வைத்து மெதுவாகப் போ, அதுவும் முடியாவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம்கட்டிக் காத்திரு. மேலேறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மலைப்பாதையில் எல்லாரும் மதிக்கும் முறை என்பது உனக்கே தெரியும்.

அவளுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றும். கோயிலுக்குப் போன அந்தப் பயணத்தில் அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றைக்கு நீ முன்னால் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டே வந்தாய். உடம்பு திரும்புவதை உள்காது உணரும்போது, கண் வண்டிக்குள்ளேயே எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் மூளைக்கு இரண்டு செய்திகளும் பொருந்தாமல் போய்க் குமட்டல் வருகிறது. ஆகவே அவளை முன்னிருக்கையில் உட்காரவைத்துத் தொலைவில் பாதையைப் பார்த்தபடி வரச் சொல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பு. அவள் கேட்பதற்கு முன்பே நிறுத்தி, இறங்கி, சற்று நேரம் காற்று வாங்கவிடு. அவள் கேட்க மாட்டாள். உனக்குத் தாமதமாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது பயணத்தில் மட்டும் அவளிடம் உள்ள குணம் இல்லை என்பதை நீ கவனித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

காட்டேஜில் நாமே சமைத்துக்கொள்ளலாம், அடுப்பும் பாத்திரமும் இருக்கிறது என்று சொன்னாயாமே. அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் இருக்கும் அடுப்படியை விட்டுவிட்டு மலைமேல் இன்னொரு அடுப்படிக்குப் போவது யாருக்கு ஓய்வு? அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பண்டம் வேகாது, எதை வைத்தாலும் இங்கே ஆவதைவிட நேரமாகும். அந்த நேரமெல்லாம் அவள் அடுப்பின் முன்னால் நிற்பாள்; நீ வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் படமெடுத்துக்கொண்டிருப்பாய். ஒன்று, சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடு. இல்லாவிட்டால் இரண்டு நாளும் நீ சமை. இருவரும் சேர்ந்து சமைக்கிறோம் என்று மட்டும் சொல்லாதே. சேர்ந்து செய்வது என்பது நம் வீட்டில் யார் செய்வதாக முடியும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த இரண்டு நாளுக்குள் ஊரையே சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடாதே. வியூ பாயிண்ட், அருவி, ஏரி, தோட்டம் என்று மணிக்கணக்குப் பார்த்துக்கொண்டு ஓடினால் ஓய்வுக்குப் போன இடத்திலும் அலுவலகம்தான் நடக்கும். முதல் நாள் பாதி ஏறுவதிலும் கடைசி நாள் பாதி இறங்குவதிலும் போய்விடும். நடுவில் முழுதாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவைப்பதற்குத்தான் மலைக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விடியும்போது பள்ளத்தாக்கில் பனி தேங்கி நிற்கும், ஏனென்றால் இரவு முழுக்கக் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து அங்கேதான் போய்ச் சேர்கிறது. வெயில் ஏறியதும் காற்று திசை மாறி மேல்நோக்கி வீசத் தொடங்கும், பனி கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து எழும்பும். வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு. பேச வேண்டும் என்றுகூட இல்லை. பேச்சு வராவிட்டால் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

நடக்கப் போனால் அவள் நடைக்கு ஏற்ற வேகத்தில் நட. குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வலு பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூடும், முகம் எரிந்த பிறகே தெரியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகாதே. அவசரத்துக்கு என்று சொல்லித்தான் எடுத்து வைப்பாய், பையிலிருந்து அது வெளியே வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. போனையும் ஓரிடத்தில் வைத்துவிடு. சிக்னல் சரியாகக் கிடைக்காத மலையில் போன் ஓயாமல் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இறக்கிவிடும். அணைத்து வைத்தால் அவசரத்துக்காவது உதவும். போகும் பாதையின் வரைபடத்தைக் கிளம்புவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள். எங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பினால் போதும். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை. நான் கூப்பிட மாட்டேன், உன் அப்பா கூப்பிடப் போனாலும் தடுத்துவிடுவேன். அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதே; அந்த ஒரு வரி வரும் வரை எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடாது.

நீயாகவே யோசித்து, நீயாகவே இடம் பார்த்து, அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்று உனக்குத் தோன்றியதே, அதை நினைத்து இரண்டு நாளாக உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறேன். அவள் குரலிலும் அன்றைக்கு ஒரு தெளிவு இருந்தது. எந்த நிறத்து ஸ்வெட்டர் எடுத்து வைக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படிச் சின்ன விஷயங்களை என்னிடம் கேட்டு. நீ தவறு செய்கிறாய் என்று நான் சொல்லவில்லை, அவள் எதையும் என்னிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கலக்கம் இருந்திருக்காது. சொல்லாமல் சிரித்துக்கொண்டே காபி டம்ளரை நீட்டுகிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன இடத்தில் ஏதாவது பேச்சு வந்து அவள் கண்கலங்கினால், பயணம் கெட்டுப்போனதே என்று முகத்தைச் சுளித்துவிடாதே. அதற்குத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு கேள். நடுவில் பதில் சொல்லாதே. உனக்குப் பதில் சொல்லும் திறமை அதிகம், அது சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளியில் பரிசெல்லாம் வாங்கித் தந்தது, வீட்டுக்குள் அது வேண்டாம்.

திரும்பி இறங்கும்போதுதான் ஏறும்போதைவிட எச்சரிக்கை வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதே. எந்த கியரில் ஏறினாயோ அதே தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும்படி விட்டு இறங்கு. நியூட்ரலில் ஒருபோதும் விடாதே. கருகும் வாடை வந்தாலோ, பெடல் மெத்தென்று உள்ளே போவதுபோல் தோன்றினாலோ பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். பத்திரமான இடத்தில் நிறுத்தி, தானாக ஆறும் வரை இருவரும் இறங்கி நில்லுங்கள். மறுநாள் காலை அலுவலகம் இருக்கிறதே என்று ஞாயிறு கடைசி நேரத்தில் விரட்டிக்கொண்டு வராதே. திங்கள்கிழமையும் விடுப்பு எடுக்க முடியுமானால் எடுத்துவிடு. முடியாது என்பாய், தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்.

கரிச்சட்டியைப் பற்றி மூன்றாவது முறையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: தூங்கப் போகும் முன் நெருப்பு முழுதாக அணைந்துவிட்டதா என்று நீயே எழுந்து பார், அவளை அனுப்பாதே. சன்னலில் ஒரு விரற்கடையாவது இடைவெளி இருக்கட்டும்.

வீடு வந்து சேர்ந்ததும் மருமகளை என்னிடம் பேசச் சொல். அவளாகச் சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா