நெற்றியைத் தள்ளாதே

அன்புக் கண்ணம்மா,

நீ அனுப்பிய வீடியோவை நானும் அப்பாவும் மூன்று முறை பார்த்தோம். நீ வளர்க்கக் கொண்டுவந்த இரண்டு காளைக்கன்றுகளில் வெள்ளைக் கன்று உன் தொடையில் வந்து முட்டுகிறது. நீ சிரித்துக்கொண்டே அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் திருப்பித் தள்ளுகிறாய். முதல் முறை நானும் சிரித்தேன். மூன்றாம் முறை பாதியிலேயே அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

செவலையை உனக்கு நினைவிருக்காது. அப்போது உனக்கு மூன்று வயது. தாய் செத்துப்போன காளைக்கன்று அது. புட்டியில் பால் கொடுத்து நான்தான் வளர்த்தேன். கொட்டிலில் வேறு மாடே கிடையாது. என்னைக் கண்டால் ஓடிவந்து தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். நெற்றியைச் சொறிந்தால் தள்ளும், நானும் தள்ளுவேன். இரண்டு வயதானபோது ஒரு நாள் காலையில் அப்பா தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் குனிந்தார். அது பின்னால் வந்து அதே விளையாட்டை விளையாடியது. சுவரோடு சேர்த்து அழுத்தியதில் மூன்று விலா எலும்புகள் முறிந்தன. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அது செய்தது; 40 கிலோவாக இருந்தது 400 கிலோவாகியிருந்தது, அவ்வளவுதான்.

மிரண்டு ஓடும் காளை மனிதனிடமிருந்து விலகியே நிற்கும். தன் இனத்தைப் பார்க்காமல் புட்டிப்பாலில் தனியாக வளர்ந்த காளைக்கன்று மனிதனையே தன் கூட்டமாக நினைக்கிறது. பருவம் வந்ததும் கூட்டத்தில் யார் பெரியவர் என்று மோதிப் பார்ப்பது காளையின் சுபாவம். அந்த மோதல் நம்மிடம் வந்து நிற்கும். நீ இரண்டு கன்றுகளைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. அவற்றை ஒன்றாகவே விடு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளட்டும். பெரிய மாடுகளோடு பழக வழியிருந்தால் இன்னும் நல்லது.

பசித்த கன்று முட்டத்தான் செய்யும். தாய் மடியை முட்டித்தான் அது பாலை இறக்குகிறது. அந்த முட்டலை உன் உடம்பில் வாங்காதே. ரப்பர் காம்பு பொருத்திய வாளியை வேலிக் கம்பியில் தாய் மடியின் உயரத்துக்கு மாட்டிவிட்டு நீ வெளியே நில். வாளியை முட்டட்டும். தடவ ஆசையாக இருந்தால் கழுத்தின் அடியில் தடவு, முதுகில் தடவு. நெற்றியில் மட்டும் கை வைக்காதே. முட்ட வந்தால் தள்ளவும் வேண்டாம், மூக்கில் அடிக்கவும் வேண்டாம். இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் விலகிப் போய்விடு. வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவை.

பால் விஷயம் உனக்கு ஓரளவு தெரியும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ கன்றுக்கு நாளைக்கு 4 லிட்டர், இரண்டு வேளையாக, உடம்புச் சூட்டில். வாயில் ஊற்றாதே, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதுவாகச் சப்பிக் குடிக்க வேண்டும். கன்றுகளைக் கொடுத்தவரிடம் சீம்பால் எப்போது குடித்தன என்று கேட்டாயா? பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் குடித்திருக்க வேண்டும். ஒரு நாள் கடந்தால் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது. ஆண் கன்றுதானே என்று பல இடங்களில் இதில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இது. குடித்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் முதல் மாதம் முழுவதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்.

கழிச்சல் கண்டால் கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டுப் பார். உடனே படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. கூடாரம் போல நின்றால், கண்கள் குழிவிழுந்திருந்தால், நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. பாலை நிறுத்தாதே. இரண்டு வேளைப் பாலுக்கு நடுவே கன்றுக்கான உப்புக் கரைசல் கொடு. விரலை வாயில் வைத்தால் சப்பவில்லை, எழுந்து நிற்கவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழை.

ஆண் கன்றுக்கு என்று சில கவலைகள் உண்டு. அது வயிற்றுக்கு நடுவில் மூத்திரம் பெய்கிறது, தொப்புளுக்குப் பக்கத்தில். படுக்கை நடுவில் நனைந்துகொண்டே இருக்கும், ஆறாத தொப்புள் அதில்தான் கிடக்கும். தினமும் வைக்கோலில் முட்டிபோட்டுப் பார். முட்டி நனைந்தால் மாற்று. தொப்புள் வீங்கிச் சுட்டால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று கல்லடைப்பு. தானியத் தீவனம் மிஞ்சி, தண்ணீர் குறைந்தால் ஆண் கன்றின் குறுகிய மூத்திரக் குழாயில் கல் சிக்கிக்கொள்ளும். வாலை ஆட்டி ஆட்டி முக்கும், சொட்டுச் சொட்டாக வரும், அல்லது வரவே வராது. அது அவசர நோய், அன்றே மருத்துவம் வேண்டும். தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

இனத்துக்கு வைக்கப்போவதில்லை என்றால் காயடிப்பதைத் தள்ளிப்போடாதே. சிறு வயதில் வலியும் குறைவு, ஆபத்தும் குறைவு. மருத்துவரைக் கொண்டே செய், மரத்துப்போகும் ஊசி போடச் சொல், ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றியும் கேள். கொம்பு வேண்டாமென்றால் அதற்கும் முதல் சில வாரங்களே நேரம். இரண்டு மாதத்துக்குப் பிறகு கொம்புக் குருத்து மண்டை எலும்போடு ஒட்டிவிடும். காயடித்த மாடும் 400 கிலோ வளரும் என்பதால் நெற்றி விஷயத்தில் அதற்கும் சலுகை கிடையாது.

இப்போதே கயிற்றுக்குப் பழக்கு. இழுத்துக்கொண்டு போகாதே, அது ஓரடி வைத்ததும் கயிற்றைத் தளர்த்து. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதே, விரல் போய்விடும். கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடு. நேர் பின்னாலிருந்து போகாதே, அங்கே அதற்குக் கண் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டு தோள் பக்கமாகப் போ. மாட்டின் உதை பக்கவாட்டில் முன்னோக்கியும் சுழன்று வரும்.

காயடிக்காமல் விட்டால் ஒன்பது, பத்து மாதத்திலேயே சினைப்படுத்தும் வயது வந்துவிடலாம். அதன்பின் முதுகைக் காட்டாதே. முழு உடம்பும் தெரியும்படி குறுக்கே நின்று, கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தினால் அது எச்சரிக்கை. ஓடாதே. முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கு. உள்ளே போகும் முன்பே எந்த வழியாக வெளியே வருவாய் என்று பார்த்துவை.

காம்பு வாளியை வேலியில் மாட்டியதும் அந்த வெள்ளைக் குட்டி அதை முட்டிக் குடிப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அப்பாவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா